மெல்ல வேகும் பானை

பூச்சோங் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்த ஊர். சிலாங்கூர் மாநிலத்தின் பெட்டாலிங் மாவட்டத்தில் உள்ள இவ்வூரில் இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைவரிசைகளும் பேரங்காடிகளும் நிறைந்துள்ளன. பழைய சுரங்கக் குழிகள் ஏரிகளாகிவிட்டன. கின்றாரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைத்திருக்கின்றன. 1999-ஆம் ஆண்டில் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் எல்.ஆர்.டி. இரயிலும் இங்கு வந்து சேர்ந்தது. ஆயினும், மாலை வேளையில் வேலை முடிந்து வீடு திரும்புவோரின் வாகன வரிசை நீண்டுகொண்டுதான் இருக்கிறது.

அந்த வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் பலரின் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: ‘இன்று இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?’ வீட்டை அடையும்போது மணி ஏழரை ஆகிவிடுகிறது. அதன்பின் காய் நறுக்கி, பருப்பு வேகவைத்து, குழம்பு கூட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் பசியால் சோர்ந்துவிடுகிறார்கள். ஆகவே, வழியிலேயே பொட்டலச் சாப்பாடு வாங்கிச் செல்வது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது.

பூச்சோங்கில் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் ஒரு குடும்பத்திலும் இதே நிலைதான். தாத்தா, பாட்டி, வேலைக்குச் செல்லும் மகன், மருமகள், இரண்டாம் படிவத்தில் பயிலும் பேத்தி, தமிழ்ப்பள்ளியில் பயிலும் பேரன் என அவ்வீட்டில் ஆறு பேர். தாத்தாவுக்கு நீரிழிவு நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. உப்பும் எண்ணெயும் குறைந்த, பல்லுக்கு மெத்தென்ற உணவே அவருக்கு ஏற்றது. பொட்டலச் சாப்பாட்டில் அது கிடைப்பது அரிது.

அவ்வீட்டுப் பாட்டி நன்றாகச் சமைப்பவர். ஆனால், அடுப்பில் வைத்த குழம்பை மறந்து அவர் படுத்துவிட்டதால் ஒருநாள் சட்டி கரிந்து, வீடு முழுவதும் புகை சூழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து, வீட்டில் மற்றவர் இல்லாத வேளையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் தவறில்லை. பாட்டியும் மறுத்துப் பேசவில்லை. ஆனால், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறருக்குச் சமைத்துப் போட்டவர், பகல் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு தொலைக்காட்சி முன் அமர வேண்டியதாயிற்று. அது அவருக்கு முழங்கால் வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

இந்நிலையில்தான் மருமகள் ஒரு ‘ஸ்லோ குக்கர்’ வாங்கி வந்தார். பெயர் குறிப்பது போலவே அது மெதுவாகச் சமைக்கும் ஒரு மின்கலன். அதன் அமைப்பு மிக எளிது. உள்ளே தடித்த பீங்கான் பானை. அதைச் சூழ்ந்து, மின்சாரத்தால் சூடேறும் கம்பிகள் பொருத்தப்பட்ட வெளிக்கூடு. மேலே கண்ணாடி மூடி. முன்பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். குறைந்த சூடு, மிகுந்த சூடு, இளஞ்சூடு என மூன்று நிலைகளில் அதைத் திருப்பலாம். தீச்சுடர் இல்லை, புகை இல்லை, அடிபிடித்துக் கரியும் அச்சமும் மிகக் குறைவு.

விரைவுக் கொதிகலனாகிய ‘பிரஷர் குக்கர்’ செய்வதற்கு நேர்மாறான வேலையை இது செய்கிறது. பிரஷர் குக்கர் நீராவியை அடைத்துவைத்து அழுத்தத்தை உயர்த்துவதால், உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசை எட்டுகிறது. உணவும் சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. ஸ்லோ குக்கரிலோ வெப்பம் மெல்ல மெல்ல ஏறுகிறது. பல மணி நேரம் கழித்தே அது கொதிநிலைக்குச் சற்றுக் கீழே போய் நிலைகொள்கிறது. மேலெழும் நீராவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, துளிகளாக மீண்டும் பானைக்குள் விழுகிறது. இதனால், உள்ளே ஊற்றிய நீர் வற்றுவதில்லை.

இறைச்சியின் கடினமான பகுதிகளுக்கு இந்த மெதுவான வெப்பம் மிகவும் ஏற்றது. ஆட்டுக்கால், மார்கண்டம் போன்ற பகுதிகளில் கொலாஜன் எனப்படும் இணைப்புத் திசுப் புரதம் மிகுதியாக உள்ளது. விரைவாக வறுத்தால் அது இறுகி, இறைச்சி ரப்பர் போலாகிவிடும். ஈரத்தோடு நெடுநேரம் வெப்பத்தில் இருக்கும்போது, அதே கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. எட்டு மணி நேரம் வெந்த ஆட்டுக்கால் சூப் ஆறியபின் கூழ் போல உறைவதற்கு இதுவே காரணம். மலாய்க்காரர்களின் ரெண்டாங், சீனர்களின் மூலிகைச் சூப், நம்மவர்களின் எலும்புச் சாறு ஆகிய மூன்றும் இத்தகைய நீண்ட வேக்காட்டினால் சுவை பெறுபவையே.

மெதுவாகச் சமைக்கும் எண்ணம் புதியதன்று. இன்றைய மின்கலனின் கதை இர்விங் நாக்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளரிடம் தொடங்குகிறது. அவருடைய தாயார் தம் இளமைக்கால நினைவு ஒன்றை மகனிடம் கூறியிருந்தார். லித்துவேனியாவின் வில்னா நகரில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள், ஓய்வு நாளில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே, வெள்ளிக்கிழமை மாலையில் அவரையும் இறைச்சியும் கலந்த பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்த அடுப்பின் எஞ்சிய வெப்பத்திலேயே அது இரவு முழுவதும் வெந்து மறுநாளுக்கு உணவாகும். இந்த நினைவால் தூண்டப்பட்ட நாக்சன், பானையைச் சுற்றிலும் சீராகச் சூடேற்றும் மின்கலனை வடிவமைத்தார். 1936-ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 1940-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1970-இல் அவருடைய நிறுவனத்தை ரைவல் என்னும் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டே அக்கலன் ‘கிராக்-பாட்’ என்னும் பெயரில் சந்தைக்கு வந்து புகழ் பெற்றது. பெண்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லத் தொடங்கிய காலம் அது. காலையில் வைத்துவிட்டுச் சென்றால் மாலையில் உணவு தயாராக இருக்கும் என்ற வசதி அவர்களைக் கவர்ந்தது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. 1910-ஆம் ஆண்டையொட்டி, கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் இந்துமாதவ மல்லிக் ‘இக்மிக் குக்கர்’ என்னும் அடுக்குக் கலனை உருவாக்கினார். அடியில் சிறிதளவு கரியைக் கனலவிட்டு, மேலடுக்குகளில் அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றை வைத்து மூடிவிட வேண்டும். எழும் நீராவியில் எல்லாம் ஒருசேர வெந்துவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் ‘ருக்மணி குக்கர்’ என்னும் பித்தளைக் கலனும் இதே முறையில் பயன்பட்டது. கரியை மூட்டிவிட்டு வேறு வேலைகளைப் பார்க்கலாம். கிளற வேண்டியதில்லை, காவல் இருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் இதற்கெனத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில், விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் செல்ல வேண்டும். அதற்கு முன்பே கட்டையடுப்பில் பானையை ஏற்றிக் கொதிக்கவைப்பார். பின், விறகைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, தணலின்மேல் பானையை விட்டுச் செல்வார். வேலை முடிந்து லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது, உள்ளே போட்ட கொள்ளோ எலும்போ வெந்து குழைந்திருக்கும். “இதைத்தான் இப்போது காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாயா?” என்று புதிய கலனைப் பார்த்துப் பாட்டி மருமகளிடம் கேட்டதில் வியப்பில்லை.

ஆனாலும், பழகிய முறையும் புதிய கருவியும் உடனே ஒத்துப்போய்விடவில்லை. முதல் நாள் வைத்த சாம்பார் ரசம் போல நீர்த்திருந்தது. எரிவாயு அடுப்பில் வற்றும் நீரையும் கணக்கிட்டு ஊற்றியதே அதற்குக் காரணம். வற்றாத கலனில் அதே அளவு நீர் மிகுதியாகிவிட்டது. மறுநாள் நீரைக் குறைத்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. எட்டு மணி நேரமாகியும் பருப்பு கரையவே இல்லை. கருவியில் கோளாறு என்று மருமகள் எண்ணினார். பாட்டி ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துவிட்டு, “புளியை எப்போது ஊற்றினாய்?” என்று கேட்டார். “எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாகப் போட்டுவிட்டேன், அத்தை” என்றார் மருமகள்.

“புளி பட்டால் பருப்பு வேகாதம்மா. வெந்தபிறகுதான் ஊற்ற வேண்டும்.”

பாட்டி கூறியது அனுபவ உண்மை மட்டுமன்று, அறிவியல் உண்மையும்கூட. புளிப்புத் தன்மை பருப்பின் செல்சுவர்கள் இளகுவதைத் தடுக்கிறது. கொழுந்துவிட்டு எரியும் அடுப்பில் இதை ஓரளவு ஈடுகட்டலாம். மெதுவான வெப்பத்தில் அதற்கு வழியில்லை. கருவியோடு வந்த வழிகாட்டிக் கையேட்டில் புளியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதை எழுதியவருக்குச் சாம்பாரைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அன்றுமுதல் பாட்டியே அந்தக் கலனுக்கு ஆசிரியரானார். கிழங்கு வகைகள் இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பதைக் கண்டறிந்து, அவற்றைச் சிறிதாக நறுக்கி அடியில் பரப்பினார். தேங்காய்ப்பாலைக் காலையிலேயே ஊற்றினால் திரிந்துவிடும் என்பதால், கடைசி அரைமணி நேரத்தில் சேர்த்தார். முருங்கைக்கீரையையும் கொத்தமல்லியையும் இறக்குமுன் போட்டார். முக்கியமாக, தாளிப்பைக் கலனிடம் விடவில்லை. கடுகு வெடிக்கவும் கறிவேப்பிலை மணக்கவும் வெங்காயம் சிவக்கவும் சூடான எண்ணெய் வேண்டும். நீர் நிறைந்த கலன் அந்த வெப்பத்தை ஒருபோதும் எட்டாது. மாலையில் மகனோ மருமகளோ வந்தவுடன், சிறிய வாணலியில் தாளித்துக் கொட்டுவது ஐந்து நிமிட வேலையாயிற்று. மெதுவாக வெந்த குழம்புக்கு அந்த ஐந்து நிமிடமே உயிர் கொடுத்தது.

பாட்டியின் அனுபவத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. ஒருநாள் தாத்தாவுக்காகச் சிவப்பு ராஜ்மா பயற்றைக் கறி வைக்கத் திட்டமிட்டார். சிறுநீரக வடிவில் இருக்கும் அப்பயறு, நார்ச்சத்தும் புரதமும் மிகுந்தது. இரவு முழுவதும் ஊறிய பயற்றை வடித்து, அப்படியே கலனில் போடப் போனார். பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த பேத்தி அவரைத் தடுத்தாள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்த எச்சரிக்கையை அவள் படித்திருந்தாள்.

பச்சைச் சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளுட்டினின் என்னும் நச்சுப் புரதம் உள்ளது. சரியாக வேகாத நான்கைந்து பயறுகளை உண்டாலே குமட்டலும் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். கொதிநீரில் இப்புரதம் சிதைந்துவிடும். ஆனால், மெதுவான வெப்பத்தில் அது சிதைவதில்லை. 80 டிகிரி செல்சியஸ் அளவில் அரைகுறையாக வெந்த பயறு, பச்சைப் பயற்றைவிட ஐந்து மடங்கு வரை நச்சுத்தன்மை கொண்டதாக இருக்கலாம். ஸ்லோ குக்கரில் சமைத்த கெட்டியான உணவின் நடுப்பகுதி, சில வேளைகளில் 75 டிகிரியைக்கூடத் தாண்டுவதில்லை. ஆகவே, இப்பயற்றைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடங்கள் அடுப்பில் கொதிக்கவைக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. அதன்பிறகே கலனில் இட வேண்டும்.

“அந்தக் காலத்தில் நாங்கள் இதையெல்லாம் பார்த்தோமா?” என்று பாட்டி கேட்டார். கேள்வி நியாயமானதே. பதிலும் எளிதானதே. கட்டையடுப்பில் பானை முதலில் தளதளவென்று கொதித்த பிறகே தணலுக்கு வந்தது. அந்தக் கொதியே நஞ்சை முறித்தது. அடுப்பு செய்த அவ்வேலையைக் கலன் செய்வதில்லை; அதை மனிதர்தான் செய்ய வேண்டும். பேத்தி இதை விளக்கியபோது பாட்டி சற்று நேரம் யோசித்தார். பிறகு, பயற்றை அவளிடமே கொடுத்து, “அப்படியென்றால் நீயே கொதிக்கவை, அம்மாடி. நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்றார். தாத்தாவின் உடல்நிலையில் ஒருநாள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் எத்தகைய தீங்கை விளைவித்திருக்கும் என்பதை அவ்வீட்டார் அனைவரும் உணர்ந்தார்கள்.

அதன்பின் அக்குடும்பத்தினர் கையேட்டை முழுமையாகப் படித்து, சில விதிகளை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்கள். உறைந்த இறைச்சியை நேரே கலனில் போடக் கூடாது. முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைவு நீக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த இறைச்சி அந்த எல்லையைக் கடக்க வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். பானையைப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்ப வேண்டும். தேவையின்றி மூடியைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்ட இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். இளஞ்சூட்டு நிலை வெந்த உணவைச் சூடாக வைத்திருக்க மட்டுமே. அதில் சமைக்கவோ பழைய குழம்பைச் சூடாக்கவோ கூடாது. வீட்டில் யாரும் இல்லாதபோது மின்சாரம் தடைப்பட்டு, எவ்வளவு நேரம் தடைப்பட்டது என்று தெரியாவிட்டால், அந்த உணவை உண்ணக் கூடாது. சூடான பீங்கான் பானையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது விரிசல் விடும்.

இவற்றுள் மூடியைப் பற்றிய விதியே பாட்டிக்குக் கடினமாக இருந்தது. கிளறிப் பார்ப்பதும் சுவைத்துப் பார்ப்பதும் அவர் கைகளின் பழக்கம். “ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள், பாட்டி!” என்று பேரன் கேலி செய்யும்போதெல்லாம், மூடியை நோக்கிச் சென்ற கை திரும்பிவிடும்.

மின்செலவைப் பற்றிய ஐயம் தாத்தாவுக்கு எழுந்தது. நாள் முழுவதும் எரியும் கருவி மின்கட்டணத்தைக் கூட்டிவிடாதா? பேத்தி கணக்குப் போட்டுக் காட்டினாள். அவர்கள் வாங்கிய கலனின் மின்திறன் 200 வாட். எட்டு மணி நேரம் இயங்கினால் 1,600 வாட் மணி, அதாவது 1.6 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும். 1,600 வாட் மின்னடுப்பு ஒரே மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளும் அளவு அது. நேரம் நீண்டதாக இருப்பதால் செலவும் அதே அளவுக்குக் கூடிவிடும் என்பதில்லை.

ஸ்லோ குக்கர் எல்லாச் சமையலுக்கும் ஏற்றது என்று கூற முடியாது. தோசை வார்க்கவோ அப்பம் சுடவோ மீன் பொரிக்கவோ அது உதவாது. காய் நறுக்கும் வேலையையும் அது குறைப்பதில்லை. அது செய்வதெல்லாம் வேலையின் நேரத்தை மாற்றுவதுதான். மாலையில் பசியோடும் களைப்போடும் செய்ய வேண்டிய வேலை, முந்தைய இரவுக்கும் காலைப் பொழுதுக்கும் நகர்ந்துவிடுகிறது. அதற்குத் திட்டமிடல் வேண்டும். நாளை என்ன சமைப்பது என்பதை இன்றே முடிவு செய்யும் பழக்கம் அவ்வீட்டில் அப்படித்தான் உருவானது. இரவில் மகனும் மருமகளும் காய் நறுக்கித் தருகிறார்கள். காலையில் பாட்டி நாற்காலியில் அமர்ந்தபடியே அளவு பார்த்துக் கலனில் இடுகிறார். பேத்தி திருகைத் திருப்பி, நேரத்தைத் தாளில் குறித்துவிட்டுப் பள்ளிக்குச் செல்கிறாள்.

புதிய கருவி ஒன்று வீட்டுக்கு வரும்போது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த இளையோர் மேலும், தெரியாத மூத்தோர் கீழும் நிற்பது பல வீடுகளில் காணும் காட்சி. பூச்சோங் வீட்டில் அவ்வாறு நிகழவில்லை. புளியின் இயல்பைப் பாட்டி அறிந்திருந்தார். பயற்றின் நஞ்சைப் பேத்தி படித்தறிந்தாள். ஒருவர் அறிவு மற்றவர் அறிவுக்குத் துணையாக நின்றபோதுதான் தாத்தாவின் தட்டில் பாதுகாப்பான, சுவையான உணவு விழுந்தது. சாம்பார் சரியான பதத்துக்கு வர அக்குடும்பத்துக்கு மூன்று வாரங்கள் ஆயின. இப்போது தோட்டத்து எலும்புச் சாற்றின் செய்முறையைப் பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறாள். அதில் ‘ஒரு கைப்பிடி’ என்று பாட்டி கூறும் ஒவ்வோர் அளவையும் தராசில் நிறுத்துப் பார்த்து, பக்கத்திலேயே கிராமில் குறித்துக்கொள்கிறாள்.